வயிறு தள்ளிய சுவரும் வறண்ட ஓட்டையும்: தடுப்புச்சுவர் கேள்வி பதில்

மேட்டு மண் சரியாமல் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவர் பற்றி மலைப்பகுதி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்கள்தான். மழை தொடங்கிய பிறகு சுவரைப் பார்த்துப் பயப்படலாமே தவிர, பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கனடாவிலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் கேட்டவர்களுக்கான பதில்களும் உண்டு.

வீட்டின் பின்பக்கம் மேட்டை வெட்டி 10 அடி உயரத்துக்குக் கருங்கல் சுவர் கட்டியிருக்கிறோம். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் சுவரில் விட்ட பைப் ஓட்டைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. பின்னால் தண்ணீர் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். கொத்தனார், "மூஞ்சிய நல்லா பூசி விட்டா போதும்ங்க, அப்படியே நிக்கும்" என்கிறார். பூசலாமா?
— வாசகி, குன்னூர்

பூச வேண்டாம். இப்போது கல் இடுக்குகள் வழியாகவாவது கொஞ்சம் ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கும். பூசினால் அந்த வழியும் அடைபடும்.

உங்கள் கடிதத்தில் எங்களைக் கவலைப்பட வைத்தது வயிறு தள்ளியதைவிட அந்த வறண்ட ஓட்டைதான். மழை நாளில் தண்ணீர் ஒழுகும் ஓட்டை தன் வேலையைச் செய்கிறது. மேட்டில் மழை கொட்டும்போதும் காய்ந்தே இருக்கும் ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பின்னாலேயே தேங்குகிறது.

தேங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 10 அடி, அதாவது 3 மீட்டர் உயரச் சுவரை, நன்றாக வடிந்த மண் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2.7 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் உச்சிவரை தண்ணீர் நின்றால் தள்ளும் விசை சுமார் 6 டன். சுவர் மாறவில்லை, சுமை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. போதாததற்கு, ஊறிய மண்ணின் பிடிப்பும் குறையும். பத்துப் பதினைந்து வருடம் அசையாத சுவர் ஒரே இரவில் விழுவது இதனால்தான்.

முதலில் ஓட்டைகளைத் திறந்து பாருங்கள். 10 அல்லது 12 மி.மீ. கம்பியை விட்டுத் திருகித் திருகிக் குடையுங்கள், சுத்தியால் அடிக்காதீர்கள். ஓட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அடைப்பு விலகும்போது சேறும் தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டு வரலாம். கம்பி சுவரின் கனத்தைத் தாண்டியதும் ஜல்லியில் உரசும் சத்தம் வந்தால் பின்னால் வடிகட்டி அடுக்கு இருக்கிறது. உடனே களிமண்ணில் போய்ச் சொருகினால், கட்டியவர் ஜல்லி போடாமல் வெட்டிய மண்ணையே திருப்பிக் கொட்டியிருக்கிறார் என்று பொருள். அப்படியானால் இன்று குடைந்தது மறுபடி அடைத்துக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க வாரத்துக்கு ஒருமுறை குடைய வேண்டியிருக்கும். அடிவரிசை ஓட்டைகளே கண்ணில் படவில்லையா? பின்வாசலுக்கு டைல்ஸ் போட்டபோது தரையை உயர்த்தி அவற்றை மூடியிருப்பார்கள். இதை நிறைய வீடுகளில் பார்க்கலாம்.

அடுத்தது அளவு. சுவரின் உச்சியில், வயிறு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதைவிட வெளியே நீட்டியபடி ஒரு குச்சியைக் கட்டி, அதிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அடிக்கு ஓர் இடத்தில் ஸ்கேலால் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அளந்த இடங்களில் பெயின்ட் புள்ளி வையுங்கள். இரண்டு வாரம் கழித்தும், ஒவ்வொரு பெருமழைக்கு மறுநாளும் அதே புள்ளிகளில் அளங்கள். பழைய வயிறு அப்படியே நின்றால் வேலைக்குக் கோடைவரை நேரம் இருக்கிறது. வயிறு 5 மி.மீ. கூடினால்கூட, அதாவது அங்கே நூலின் இடைவெளி அந்த அளவு குறைந்தால்கூட, சுவர் நகர்கிறது. உடனே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

வயிறு தள்ளிய இடத்தைச் சின்னச் சுத்தியால் மெதுவாகத் தட்டியும் பாருங்கள். 'டப்டப்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் முகப்புக் கல் உள்கட்டிலிருந்து பிரிந்துவிட்டது. கருங்கல் கட்டில் முன்னையும் பின்னையும் பிணைக்க, சுவரின் முழு அகலத்துக்கும் ஓடுகிற நீளக்கல் இடையிடையே வைக்க வேண்டும். கல் செலவை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுவார்கள். சுவரின் ஒரு முனை வெளியே தெரிந்தால் அடி அகலத்தையும் பாருங்கள். 10 அடிச் சுவருக்கு அடியில் ஏறக்குறைய 5 அடி அகலம் இருப்பது வழக்கமான கணக்கு. மேலிருந்து கீழ்வரை ஒரே 2 அடியில் ஏற்றியிருந்தால், அது பெரிய மதில். அதைத் தடுப்புச்சுவர் என்று நம்பிப் பின்னால் மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள்.

இந்த மழைக்கு முன் சுவரைப் பிரிப்பதோ, துளை போடுகிறேன் என்று பிரேக்கர் வைத்து அதிர வைப்பதோ கூடாது. இப்போது செய்ய வேண்டியதெல்லாம் மேட்டுப்பக்கம்தான். சுவர் உச்சியிலிருந்து 4, 5 அடி பின்னால், 1 அடி அகலம் 1 அடி ஆழத்தில் சிமென்ட் பூசிய வாய்க்கால் எடுங்கள். மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் போதும். பூசாத மண் வாய்க்கால் தண்ணீரைத் தேக்கிச் சுவருக்கே ஊட்டும். அதற்கு வாய்க்கால் இல்லாமலே இருக்கலாம். வாய்க்காலின் கடைசி, சுவரின் முனையைத் தாண்டி உறுதியான ஓடையிலோ சாலை வடிகாலிலோ போய்ச் சேர வேண்டும்.

மேட்டில் வீடு இருந்தால் அந்தக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் வரும். உங்கள் பக்கத்துக் கேத்தியில் 2009 நவம்பரில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. கூரைத் தண்ணீரோடு, தண்ணீர்த் தொட்டி வழிவது, செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி, கசியும் பிவிசி குழாய் மூட்டு எதுவும் சுவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

வயிறு தள்ளிய பகுதியைப் பிரித்துக் கட்டுவது தை பிறந்த பிறகு. முழு நீளத்தையும் ஒரே நாளில் பிரிக்க விடாதீர்கள். 5 அடி அகலப் பகுதியாக, ஒன்று விட்டு ஒன்றாக, மேலிருந்து இறக்கிக் கட்ட வேண்டும். பின்னால் 1 அடி கனத்துக்கு 40 மி.மீ. ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்தும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. 3 இஞ்ச் பிவிசி குழாய்களை வெளிப்பக்கம் சற்றுத் தாழ, 4 அடிக்கு ஒன்றாக, மேல்வரிசையும் கீழ்வரிசையும் மாறி மாறி வரும்படி வையுங்கள். அடிவரிசை தரையிலிருந்து அரை அடிக்கு மேல் இருக்கட்டும். நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதால் மனுவை இப்போதே கொடுத்து வையுங்கள்.

எங்கள் சுவர் ஓட்டைகளில் நன்றாகவே தண்ணீர் வருகிறது. ஆனால் டீ கலரில் வருகிறது. வந்தால் நல்லதுதானே?
— வாசகர், கோத்தகிரி

தெளிவாக வந்தால்தான் நல்லது. ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்திருந்தால், தண்ணீரோடு சுவருக்குப் பின்னாலுள்ள மண்ணும் கரைந்து வெளியேறுகிறது. மேட்டில் சுவரை ஒட்டிய தரை கிண்ணம் போல் இறங்கியிருக்கிறதா, மிதித்தால் 'தொம்' என்கிறதா என்று பாருங்கள். பாட்டில் தெளிவாக இருந்து நிறம் மட்டும் போகவில்லை என்றால் அழுகிய இலைதழையின் சாயம், பயமில்லை.

மண் வருகிறது என்பதற்காக ஓட்டையைத் துணியாலோ சிமென்டாலோ அடைத்துவிடாதீர்கள். அது முதல் கேள்விக்காரரின் நிலைமையில் கொண்டுபோய் விடும். தற்காலிகமாக, ஜியோ டெக்ஸ்டைல் துணியில் முக்கால் இஞ்ச் ஜல்லியைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டையின் வாயில் அழுத்தி, மேலே கல் வைத்து நிறுத்துங்கள். தண்ணீர் வரும், மண் நிற்கும். நிரந்தர வழி, கோடையில் பின்பக்கம் தோண்டி வடிகட்டி அடுக்கு போடுவதுதான்.

6 அடி ஹாலோ பிளாக் சுவர். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் படுக்கை வசமாக ஒரு விரிசல். ஓரத்தில் செங்குத்தாக இன்னொன்று. எது ஆபத்து?
— வாசகர், கொடைக்கானல்

படுக்கை விரிசல். பின்னாலிருந்து வரும் தள்ளலில் சுவர் வளைகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். விரிசலுக்கு மேலுள்ள பகுதி ஓரிரு மி.மீ. முன்னால் துருத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துருத்தியிருந்தால் காத்திருக்க வேண்டாம்: மேட்டு மண்ணில் 2, 3 அடியை இறக்கிச் சுமையைக் குறையுங்கள். கையால் வெட்டி அப்புறப்படுத்துங்கள், சுவரோரம் வண்டி வரக் கூடாது.

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓடும் மெல்லிய செங்குத்து விரிசல் பெரும்பாலும் சுருக்க விரிசல். மேலே அகன்று கீழே குறுகினால் ஒரு பக்க அஸ்திவாரம் இறங்குகிறது. பிளாக் இணைப்பு வழியே படிக்கட்டாக ஏறினாலும் அதே கதைதான். அகலத்தை அறிய ஏடிஎம் கார்டு போதும். அதன் கனம் முக்கால் மி.மீ. கார்டு நுழையும் விரிசல் எல்லாமே கண்காணிக்க வேண்டியவை. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருபக்கமும் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசலுக்கு உயிர் இருக்கிறது.

இனிக் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பாத ஹாலோ பிளாக், மண்ணைத் தாங்கும் பொருளே இல்லை. கம்பி போட்டாலும், அது மண் பக்க முகத்தை ஒட்டி நிற்க வேண்டும். இழுவிசை வருவது அந்தப் பக்கம்தான். பார்க்க வசதி என்று வெளிமுகத்தை ஒட்டிக் கம்பி கட்டிய சுவர்கள் இருக்கின்றன. அங்கே கம்பிக்கு வேலையே இல்லை.

ஊட்டி உறைபனி தடுப்புச்சுவரைப் பிளக்குமா?
— வாசகர், உதகை

பிளக்காது. இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளியும் கார் கண்ணாடியும் வெளுக்குமே தவிர, மண் ஆழமாக உறைவதில்லை; வெயில் ஏறியதும் உருகிவிடும். ஈரம் குடித்த பூச்சும் வேகாத செங்கல்லும் பொரிந்து உதிரும், அவ்வளவுதான். பனிக்கு முந்தைய இரண்டு மாத மழைதான் உங்கள் சுவருக்குப் பரீட்சை. சரிபார்க்கத் தோதான மாதம், தென்மேற்குப் பருவம் ஓய்ந்து வடகிழக்கு தொடங்குவதற்கு முந்தைய செப்டம்பர்.

பின்வளவில் 4 அடி இன்டர்லாக் பிளாக் சுவர். போன வின்டர் முடிந்து பார்த்தால் மேல் இரண்டு வரி முன்னுக்குத் தள்ளி நிற்கிறது. இந்த ஸ்நோவுக்கு முதல் என்ன செய்யலாம்?
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

ஊட்டிக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. டொரொண்டோவில் அஸ்திவாரம் போடுகிறவர்கள் மண் 1.2 மீட்டர் ஆழம்வரை உறையும் என்று கணக்கு வைக்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. ஆனால் சுவரை நகர்த்துவது அது மட்டுமில்லை. வண்டலும் களியும் கலந்த மண், உறையும் இடத்தை நோக்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே பனிக்கட்டி அடுக்கு அடுக்காகத் தடிக்கும். உங்கள் சுவருக்கு மேலிருந்தும் முகப்பிலிருந்தும் குளிர் ஏறுகிறது. அதனால்தான் மேல்வரிகள் முதலில் அசைந்தன.

இந்த வகைச் சுவரை ஒவ்வொரு வரியும் சற்றுப் பின்வாங்கும்படி அடுக்குவார்கள். ஆகவே பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டிய சுவர் நேராக நின்றாலே அது முன்னால் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். மட்டப்பலகையை முகப்பில் வைத்து அடிப்பகுதியையும் மேல்பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அக்டோபர் முடிவதற்குள் மேல் இரண்டு வரியையும் மூடுகல்லையும் கழற்றுங்கள். பின்னால் இருப்பது தோட்ட மண் என்றால் 1 அடி அகலத்துக்கு அதை எடுத்துவிட்டு, தூசி இல்லாத முக்கால் இஞ்ச் கிளியர் ஸ்டோன் நிரப்பி, மண் பக்கம் ஜியோ டெக்ஸ்டைல் துணி வைத்து, பிளாக்கைத் திரும்ப அடுக்குங்கள். கல்லிடையே தண்ணீர் நிற்காது. நிற்காத தண்ணீர் உறையாது. அடியில் ஓடும் துளையிட்ட குழாயின் வெளிவாயைத் தேடிப் பிடித்து, இலைக்குப்பையை எடுத்து, மேலிருந்து ஹோஸ் விட்டுத் தண்ணீர் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வாயைப் புல் மூடியிருப்பதுதான் சாதாரணமாக நடப்பது. கூரையிலிருந்து இறங்கும் டவுன்ஸ்பவுட் சுவருக்குப் பின்னால் முடிந்தால் நீட்டி வேறு பக்கம் திருப்புங்கள். ட்ரைவ்வேயில் அள்ளிய ஸ்நோவைச் சுவரின் மேல் குவிக்க வேண்டாம். அதிலுள்ள உப்பு பிளாக்கின் முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும்.

அடிவரியே நகர்ந்திருந்தால் இந்த வைத்தியம் போதாது. முழுவதும் பிரித்து, அடிக்கல் படுகையிலிருந்து கட்ட வேண்டும். ஒன்டாரியோவில் வெளியே தெரியும் உயரம் 1 மீட்டருக்கு மேற்பட்டு, சுவர் பொது இடத்தையோ கட்டட நுழைவழியையோ ஒட்டி இருந்தால் பெர்மிட் தேவை. உங்களுடையது 4 அடி என்பதால் நகரசபையில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

சுவர் மேல்வீட்டுக்காரருடையது, விழுந்தால் எங்கள் மேல் விழும். மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பு தெரிகிறது. சொன்னால் "எங்க அப்பா காலத்துல இருந்து இருக்கு" என்கிறார்.
— வாசகி, குன்னூர் வட்டம்

சுவரின் உச்சிக்குப் பின்னால், சுவருக்கு இணையாக மண்ணில் ஓடும் வெடிப்பு மற்ற எல்லா அறிகுறியையும்விட மோசமானது. சுவரோடு சேர்ந்து மண்ணும் கிளம்ப ஆரம்பித்துவிட்டது. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்காதபடி களிமண்ணைத் திணித்து இடித்து, மேலே தார்ப்பாய் போட்டு ஓரங்களைக் கல்லால் அழுத்த வேண்டும். அவர் செய்யாவிட்டால், அனுமதி கேட்டு நீங்களே செய்துவிடுங்கள். ஒரு தார்ப்பாய்க்காகக் கௌரவம் பார்க்க வேண்டாம்.

கூடவே எழுத்தில் மனு. வெடிப்பின் மேல் ஸ்கேல் வைத்துத் தேதி தெரியும்படி எடுத்த படங்களோடு நகராட்சி ஆணையருக்கோ பேரூராட்சி செயல் அலுவலருக்கோ ஒன்று, கோட்டாட்சியருக்கு ஒன்று. விழக்கூடிய நிலையிலுள்ள கட்டுமானத்தை அகற்றவோ பழுதுபார்க்கவோ உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு கோட்டாட்சியருக்கு அதிகாரம் தருகிறது; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133. மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய கருங்கல் மதில் கீழேயிருந்த வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பலத்த மழை எச்சரிக்கை வரும் இரவுகளில் நீங்கள் வேறு வீட்டில் படுப்பதுதான் சரி. அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077.

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடு) பின்னால் பழைய கல்லணை (கல் தடுப்புச்சுவர்), அதற்கு மேலே மண்மேடு. எப்போது வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், ஹட்டன், இலங்கை

இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று கிளம்பினால். ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென நின்றால் அல்லது கலங்கினால். மரமும் மின்கம்பமும் சாய்ந்தால். நேற்றுவரை சாத்திய கதவு இன்று நிலையில் இறுகினால். அணையிலிருந்து சின்னக் கற்கள் உதிர்ந்தால். இவற்றில் ஒன்று போதும், மழை விடும்வரை காத்திருக்க வேண்டாம். மண்மேட்டுக்கு நேர் கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு வந்தால் அறிகுறி தெரியாவிட்டாலும் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா?
— வாசகர், ஏற்காடு

விரல் பருமன் என்றால் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு இழுத்து, இடுக்கைச் சிமென்ட் கலவையால் அடையுங்கள். மணிக்கட்டுப் பருமன் வந்துவிட்டதென்றால் இழுக்காதீர்கள், கல்லும் கூட வரும். தண்டைச் சுவரோடு ஒட்டி அறுத்துவிட்டு, துளிர்க்கும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டே இருங்கள். கோடையில் அந்த இரண்டு மூன்று கல்லை மட்டும் எடுத்து, வேரை வெட்டிவிட்டு, திரும்பக் கட்டுங்கள். சுவருக்கு மேலே ஏதாவது வளர்க்க ஆசை என்றால் வெட்டிவேர் நடுங்கள். வேர் நேராகக் கீழே இறங்கும், சுவரைத் தேடி வராது.